அக்கரைச் சம்பந்தமும் பெண்ணின் உத்தியோகமும்

வரன் தேடும் வீட்டில் கேட்கப்படும் கேள்விகளுக்கென்று ஒரு வரிசை உண்டு. குலம், நட்சத்திரம், படிப்பு, உத்தியோகம், உடன்பிறந்தார் எத்தனை பேர் என்று அது போகும். பிள்ளை கடல் கடந்து இருப்பவன் என்றால் வரிசை சற்று நீளும். மாதச் சம்பளம் நம் பணத்தில் எவ்வளவு ஆகும், குடியிருப்பது வாடகை வீடா சொந்த வீடா, அந்த ஊரில் இட்லி அரிசி கிடைக்குமா, குளிர் எப்படி, கோயில் எவ்வளவு தூரம் என்று யாவும் விசாரிக்கப்படும். இத்தனையும் விசாரித்து, தட்டு மாற்றி, மண்டபத்துக்கு முன்பணமும் கட்டியான பிறகும், பெரும்பாலான வீடுகளில் ஒரு கேள்வி மட்டும் கேட்கப்படாமலே நின்றுவிடுகிறது. “எங்கள் பெண் அங்கே வந்து சேர்ந்தால், அவள் ஓர் உத்தியோகம் பார்க்க அந்தத் தேசத்துச் சட்டம் இடம் கொடுக்கிறதா?” என்பதே அக்கேள்வி.

கேட்கத் தோன்றாததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. நம் பாட்டிமாரும் தாய்மாரும் தஞ்சாவூரிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் மணமாகிப் பம்பாய்க்கு வந்தபோது, ஒரு டிரங்குப் பெட்டியும் பித்தளைப் பாத்திரங்களும் கொண்டுவந்தார்கள். அவர்கள் விட்டுவந்தது தாய்வீட்டை, உத்தியோகத்தை அன்று. இன்று கல்யாணிலும் டோம்பிவிலியிலும் செம்பூரிலும் உள்ள நம் வீட்டுப் பெண்களின் நிலைமை வேறு. விடியற்காலையில் எழுந்து, டப்பா கட்டிக்கொண்டு, லோக்கல் வண்டியின் பெண்கள் பெட்டியில் ஒற்றைக் காலில் நின்று வேலைக்குப் போய் வருகிறவர்கள் அவர்கள். ஆறு வருஷம், எட்டு வருஷம் சர்வீஸ் உள்ளவர்கள். வீட்டுக் கடன் தவணையில் பாதியைத் தாங்குகிறவர்கள். நிச்சயதார்த்தத்துக்கு மறுநாள் அவர்கள் எழுதிக் கொடுக்கும் ராஜினாமாக் கடிதத்தை எந்த ஜாதகமும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

ரயில்வேயில் குமாஸ்தாவாக இருக்கும் நமக்கு, இவ்விஷயம் ஓர் அலுவலக விதியின் உருவத்திலேயே மனத்தில் படிகிறது. நிர்வாகம் தன் தேவைக்காக மாற்றினால் சர்வீஸ் குறையாது. ஆனால் சொந்த விருப்பத்தின் பேரில் வேறொரு ரயில்வேக்கு மாற்றல் கேட்டுப் போகிறவர், அங்கே அதே கிரேடில் ஏற்கெனவே இருக்கும் அத்தனை பேருக்கும் கீழே, பணிமூப்புப் பட்டியலின் கடைசியில் வைக்கப்படுவார். நமக்குத் தெரிந்த ஒரு நண்பர், மனைவிக்கு மும்பையில் பாங்கு உத்தியோகம் என்பதால், திருச்சியிலிருந்து விரும்பி மாற்றல் வாங்கி வந்தார். பதினொரு வருஷ சர்வீஸ். இங்கே வந்ததும் நேற்றுச் சேர்ந்த பையனுக்குக் கீழே அவர் பெயர். அவர் அதைக் குறையாகச் சொல்வதில்லை. விதியைப் படித்துப் பார்த்துவிட்டே கையெழுத்துப் போட்டவர் அவர். கடல் கடந்து மணமாகிப் போகும் பெண்ணும் இப்படிக் கடைசி வரிசைக்குத்தான் போகிறாள். ஆனால் அவளுக்கு விதியைப் படித்துக் காட்டுவார் இல்லை.

நூறு வருஷங்களுக்கு முன் மலேயாவின் ரப்பர் தோட்டங்களுக்குக் கணவனோடு கப்பலேறிய தமிழ்ப் பெண்ணுக்கு இந்தச் சங்கடம் இருக்கவில்லை. பால் வெட்டவும் களை எடுக்கவும் தோட்டத்துக்கு அவளும் வேண்டியிருந்தாள்; கூலி மட்டும் ஆணைவிடக் குறைவு. எழுத்தறியாத அவளுக்கு வேலை காத்திருந்தது. இரண்டு பட்டம் பெற்ற அவள் கொள்ளுப்பேத்திக்கோ, சம்பளத்துக்கு வேலை செய்யலாகாது என்று தடை! காலத்தின் விசித்திரம் என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்தத் தடை எங்கே அதிகம் உறைக்கிறது என்றால், நம் வீட்டார் மிகவும் விரும்பும் அமெரிக்காவில்தான். கம்ப்யூட்டர் உத்தியோகத்துக்கு அங்கே போகும் நம்மவர்களில் மிகப் பலர் எச்-1பி என்னும் விசாவில் போகிறார்கள். அவர்களுடைய மனைவிக்குக் கிடைப்பது எச்-4. இந்த எச்-4 விசாவில் இருப்பவர் அந்நாட்டில் வசிக்கலாம், கல்லூரியில் சேர்ந்து படிக்கலாம், வேலை செய்யலாகாது. 2015 மே 26 முதல் இதற்கு ஒரு விலக்கு ஏற்பட்டது. கணவனுக்கு நிரந்தர வாசம் கோரி அவனுடைய கம்பெனி போட்ட ஐ-140 என்னும் மனு அங்கீகாரம் ஆகியிருந்தாலோ, அந்த ஏற்பாட்டை ஒட்டி ஆறு வருஷ வரம்புக்கு மேலும் அவன் விசா நீட்டிக்கப்பட்டிருந்தாலோ, மனைவி தனியே மனுச் செய்து வேலை அனுமதி அட்டை பெறலாம். புதிதாகப் போயிருக்கும் மாப்பிள்ளைக்கு ஐ-140 பெரும்பாலும் இராது. கம்பெனி மனம் வைத்தால்தான் அது தொடங்கும். ஆகவே மாப்பிள்ளைக்கு எவ்வளவு சம்பளம் என்பதைவிட, அவருடைய ஐ-140 எந்த நிலையில் இருக்கிறது என்பது பெண்ணின் வாழ்வில் பெரிய வித்தியாசத்தை உண்டாக்கும்.

அந்த விலக்கும் கல்லில் செதுக்கியது அன்று. அதை எதிர்த்து 2015-லேயே வழக்குத் தொடுத்தார்கள். இடையில் அரசாங்கமே அதை ரத்துச் செய்ய எண்ணி, 2021 ஜனவரியில் அந்த யோசனையைக் கைவிட்டது. 2024 ஆகஸ்டில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் விதி செல்லும் என்று தீர்ப்பளித்தது. அட்டையைப் புதுப்பிக்க மனுக் கொடுத்துவிட்டுப் பழைய அட்டையின் பலத்தில் வேலையைத் தொடரும் சலுகை, 2025 அக்டோபர் 30 முதல் கொடுக்கப்படும் மனுக்களுக்கு நிறுத்தப்பட்டது. ஒன்று சொல்ல வேண்டும். இங்குள்ள கம்பெனியிலிருந்து அதன் அமெரிக்கக் கிளைக்கு எல்-1 விசாவில் மாற்றலாகிப் போகிறவரின் மனைவிக்கு இந்தத் தொல்லை இல்லை. 2021 நவம்பர் முதல் தனி அட்டை இல்லாமலே அவள் வேலை பார்க்கலாம். ஒரே ஊர், ஒரே தெரு, பக்கத்துப் பக்கத்து வீடு. ஒருத்தி வேலைக்குப் போவாள், இன்னொருத்தி ஜன்னலில் நிற்பாள். வித்தியாசம் கணவனின் விசாவில் உள்ள ஓர் எழுத்து.

நமது அலுவலகத் தலைமைக் குமாஸ்தாவின் மகள் எம்.எஸ்ஸி., பி.எட். படித்து, ஒரு பள்ளியில் பௌதிகம் கற்பித்து வந்தவள். 2016-ல் மணமாகி டெக்ஸாஸ் போனாள். அடுத்த நான்கு வருஷங்கள் அவளுக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. வார விடுமுறைகளில் அவ்வூர்த் தமிழ்ப் பள்ளியில் நம் குழந்தைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தாள். தொண்டர்கள் ஊதியமின்றி நடத்தும் பள்ளி அது. “பௌதிகம் மறந்துபோகாமல் இருக்க, பாத்திரம் தேய்க்கும்போது மனசுக்குள்ளேயே கிளாஸ் எடுக்கிறேன் அப்பா” என்று அவள் ஒருநாள் டெலிபோனில் சொல்லியிருக்கிறாள். அதை நம்மிடம் சொல்லிவிட்டு, தலைமைக் குமாஸ்தா அன்று மதியம் டப்பாவைத் திறக்கவேயில்லை. 2020-ல் அட்டை வந்தது. அதன் பிறகும் அந்த மாநிலத்தின் ஆசிரியர் சான்றிதழ் வேண்டும், நம் பட்டங்களை மதிப்பிட்டு வாங்க வேண்டும் என்று இரண்டு வருஷம் போயிற்று. இப்போது ஒரு பள்ளியில் உதவி ஆசிரியையாக இருக்கிறாள். வகுப்பு அவளுடையது அன்று. வேறொருவருடைய வகுப்பில் பின் பெஞ்சில் நின்று உதவுகிறாள்.

சிங்கப்பூர் தமிழர்க்குப் பழகிய ஊர். தமிழ் அங்கே ஆட்சி மொழிகளுள் ஒன்று. ஆகவே பெண்ணுக்கு வேலை கிடைப்பது எளிது என்று எண்ணிவிடுகிறார்கள். அங்கே உத்தியோகத்தில் இருக்கும் வெளிநாட்டவர் மாதம் 6,000 வெள்ளிக்குக் குறையாமல் நிலையான சம்பளம் பெற்றால்தான் மனைவியை டிபெண்டண்ட் பாஸில் அழைத்துக்கொள்ள முடியும். அந்தப் பாஸில் வருகிறவருக்கு முதலாளி ஓர் இசைவுக் கடிதம் வாங்கிக் கொடுத்தால் போதும் என்றிருந்த சௌகரியம் 2021 மே 1-ஆம் தேதியோடு போயிற்று. சொந்தத்தில் தொழில் நடத்துகிறவர் தவிர மற்றவர்கள், தங்களுக்கென்று தனி வேலை அனுமதி பெற்றாக வேண்டும். சிங்கப்பூர்க் குடிமகனையே மணந்து போகிறவள் நிலை இதனினும் நல்லது. நீண்டகால வருகை அனுமதியில் இருந்துகொண்டு இசைவுக் கடிதத்தின் பேரில் வேலை செய்யலாம்.

கனடாவில் முன்பு வேலை பார்ப்பவர், படிப்பவர் இருசாராரின் துணைவருக்கும் தாராளமாக அனுமதி கிடைத்தது. 2025 ஜனவரி 21 முதல் உயர்திறன் உத்தியோகத்தில் உள்ளவர், நீண்ட முதுகலைப் படிப்பு, ஆராய்ச்சிப் படிப்பு, மருத்துவம் போன்ற சில தொழிற்படிப்புகளில் இருப்பவர் ஆகியோரின் துணைவருக்கே என்று அது சுருக்கப்பட்டுவிட்டது. பிரிட்டனில் திறன் தொழிலாளியின் துணைவர் வேலை செய்யலாம். ஆனால் முதியோர் பராமரிப்பு வேலைக்குப் போகிறவர் 2024 மார்ச் 11 முதல் குடும்பத்தை உடன் அழைத்துக்கொள்ளவே முடியாது. நர்ஸ் மனைவியைத் தொடர்ந்து போகும் கணவன்மார்களும் நம்மிடையே பெருகி வருகிறார்கள். மேலே சொன்னவை யாவும் அவர்களுக்கும் பொருந்தும். துபாய் முதலிய அமீரக ஊர்களில், கணவன் விசாவில் இருக்கும் பெண்ணை ஒரு முதலாளி வேலைக்கு எடுக்க விரும்பினால், அவரே தொழிலாளர் அமைச்சகத்தில் அனுமதி வாங்கிச் சேர்த்துக்கொள்ளலாம்.

ஜெர்மனி அமெரிக்காவுக்கு நேர்மாறு. அங்கே சட்டம் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது, பாஷைதான் தாழ்ப்பாள். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லக் காரணம், நமது தங்கை 2022 முதல் ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறாள்.

2013 முதல் அந்நாட்டுச் சட்டப்படி, கணவனையோ மனைவியையோ சேர வந்து வாச அனுமதி பெறுகிறவர், அந்த அனுமதியைக் கொண்டே எந்த வேலையும் பார்க்கலாம். சொந்தத் தொழிலும் செய்யலாம். விசாவுக்குப் பொதுவாக ஜெர்மன் பாஷையில் ஏ1 என்னும் முதற்படித் தேர்வு தேவை. கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் என்ற நான்கிலும் சேர்த்து 100-க்கு 60 வாங்க வேண்டும். புளூ கார்டு என்னும் உயர்தர அனுமதியில் இருப்பவரின் துணைவருக்கு இத்தேர்விலிருந்து விலக்கு உண்டு. மாப்பிள்ளையிடம் இருந்தது புளூ கார்டுதான். “இவளுக்குத் தேர்வு வேண்டியதில்லை” என்று அவர் எழுதினார். நமது தங்கை மட்டும், வேண்டாததை எதற்கு விலக்கிவைத்திருப்பார்கள் என்று சந்தேகப்பட்டாள் போலும். மாக்ஸ்முல்லர் பவன் என்று நம் நாட்டில் வழங்கும் கதே நிலையத்தின் தேர்வுக்கு, ஆபீஸ் விட்டு வந்து இரவில் படித்து எழுதித் தேறினாள். கல்யாணப் புடவை எடுக்கப் போன இடத்திலும் வினைச்சொற்களை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள் என்று அம்மா இன்றும் சொல்லிச் சிரிப்பார்.

போய்ச் சேர்ந்ததும் செய்ய வேண்டிய காரியங்கள் அங்கே ஒழுங்காக வகுக்கப்பட்டிருக்கின்றன. குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். வரி எண் தபாலில் வரும். கணவன் பொது மருத்துவக் காப்பீட்டில் இருந்தால், வருமானமில்லாத மனைவி தனிக்கட்டணமின்றி அதில் சேர்ந்துகொள்வாள். குடியேறியவர்களுக்கென்று அரசாங்கம் நடத்தும் வகுப்பு ஒன்று உண்டு: பாஷைக்கு 600 மணி, அந்நாட்டுச் சட்டம், சரித்திரம், வாழ்க்கைமுறை பற்றி 100 மணி. அதில் சேர்ந்து ஏறக்குறைய ஒரு வருஷத்தில் பி1 என்னும் மூன்றாம் படியை எட்டினாள். அதன் பிறகு விண்ணப்பம் போடத் தொடங்கினாள்.

அறுபதுக்கு மேல் போட்டாள். பாதிக்குப் பதிலே இல்லை. அவள் இங்கே பி.காம். படித்து, ஒரு தனியார் கம்பெனியின் கணக்குப் பிரிவில் ஏழு வருஷம் இருந்தவள்; டாலியில் கை தேர்ந்தவள்; ஜி.எஸ்.டி. வந்த வருஷத்தில் ராத்திரி பகல் பாராமல் உழைத்தவள். அங்கே ஜி.எஸ்.டி. இல்லை, 19 சதவிகிதமும் 7 சதவிகிதமுமாக வேறொரு விற்பனை வரி. டாலி இல்லை, டாடேவ் என்று வேறொன்று. கணக்கு எழுதும் வேலைக்குப் பட்டம் முக்கியமும் இல்லை. பள்ளி முடித்த பிள்ளைகள் கம்பெனியில் சில நாள், தொழிற்பள்ளியில் சில நாள் என்று சுமார் மூன்று வருஷம் பயிற்சி பெற்று அந்த வேலைக்கு வருகிறார்கள். அந்தப் பயிற்சிச் சான்றிதழைத்தான் முதலாளிகள் முதலில் தேடுகிறார்கள்.

2023-ல் அவள் ஒரு ரொட்டிக் கடையில் விற்பனைப் பெண்ணாகச் சேர்ந்தாள். மினிஜாப் என்று அங்கே பெயர். அவ்வருஷத்து வரம்பு மாதம் 520 யூரோ, 2025-ல் அது 556. காலை ஐந்தரைக்குக் கடை திறக்கும். செய்தி கேட்டதும் எங்கள் வீட்டில் இரண்டு நாள் பேச்சு நின்றுவிட்டது. “பி.காம். படிச்சு ரொட்டிக் கடையிலா? சொந்தக்காரா கிட்ட என்னன்னு சொல்றது?” என்பது அம்மாவின் துயரம். நமது பாட்டனார் 1948-ல் பம்பாய் வந்து, வொர்க்‌ஷாப்பில் வேலை கிடைக்கும் வரை எட்டு மாதம் மாதுங்காவில் ஓர் ஓட்டலில் டபரா கழுவியவர்தாம். இதை எடுத்துச் சொன்னோம். “அது ஆம்பிளை; அது வேற” என்றுவிட்டார் அம்மா. அந்த வேற்றுமை நமக்கு இன்றளவும் புரியவில்லை. கழுவின டபராவுக்குப் புரிந்திருக்குமோ என்னவோ!

தங்கையின் கணக்கோ வேறு. வகுப்பில் கற்ற பாஷையை அந்த ஊர்க் கிழவர்கள் பேசுவதில்லை. சுவாபியன் என்னும் வட்டார வழக்கை, பிரெட்செல் வாங்க வந்தவர்களிடம்தான் அவள் கற்றாள். பதினான்கு மாதம் அங்கே நின்ற பிறகு, 2024-ல் ஒரு சரக்குப் போக்குவரத்துக் கம்பெனியின் கணக்குப் பிரிவில் அரைநாள் வேலை கிடைத்தது. நேர்காணலில் அவளுடைய பட்டத்தைப் பற்றி ஒரு கேள்விதான் கேட்டார்களாம். ரொட்டிக் கடை பற்றி மூன்று கேள்விகள்.

முதல் சம்பளச் சீட்டு வந்த அன்று புதுச் சங்கடம். தம்பதிகள் வரி வகுப்பு என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதிகம் சம்பாதிக்கும் கணவனை மூன்றாம் வகுப்பிலும் மனைவியை ஐந்தாம் வகுப்பிலும் வைப்பது பலரும் செய்வது. அப்போது கணவனின் மாத வரி குறையும். மனைவியின் சம்பளத்தில் வரி கடுமையாகப் பிடிக்கப்படும். வருஷ முடிவில் இருவருக்கும் சேர்த்துக் கட்ட வேண்டிய மொத்த வரி எப்படியும் ஒன்றுதான். ஆனால் மாதாமாதம் கையில் வருவதைப் பார்த்து, “இந்தக் காசுக்கா இவ்வளவு பாடு?” என்று வீட்டில் பேச்சு எழுந்துவிடுகிறது. அங்கே பல பெண்கள் வேலையை விடுவது இந்தச் சீட்டைப் பார்த்துத்தான் என்று அவள் எழுதியிருந்தாள். குழந்தை பிறந்தால் அரசாங்கம் தரும் உதவித்தொகையும் கையில் வரும் சம்பளத்தை வைத்தே கணக்கிடப்படுவதால், குழந்தையை எதிர்பார்ப்பவர்கள் இருவரும் நான்காம் வகுப்பில் இருப்பதா என்று முன்கூட்டியே யோசிப்பது நல்லது. மாப்பிள்ளை நல்லவர், கணக்கைப் பார்த்ததும் இருவருக்கும் நான்கு என்று மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டார்.

இப்போது அவளுக்கு வயது முப்பத்திரண்டு, மேலதிகாரிக்கு இருபத்துநான்கு. பணிமூப்பின் கடைசி வரிசைதான். மாலையில் டாடேவ் வகுப்பும் பி2 வகுப்பும்.

கணக்கு வேலைக்காவது தனி உரிமம் வேண்டியதில்லை. டாக்டர், நர்ஸ், பள்ளி ஆசிரியை, மருந்தாளர், பிசியோதெரபிஸ்ட் ஆகியோர் அங்கே அரசாங்க அங்கீகாரம் பெறாமல் தொழில் செய்யலாகாது. டாக்டருக்கு மருத்துவ பாஷைத் தேர்வு தனியாக உண்டு. நர்ஸுக்குப் பெரும்பாலும் பி2 படி கேட்கிறார்கள். தேவை மிகுதியாக இருப்பதால் வழியும் திறந்திருக்கிறது. பள்ளி ஆசிரியை நிலைதான் கடினம். இரண்டு பாடங்களில் தேர்ச்சியும் ஏறக்குறைய தாய்மொழிபோல் பாஷையும் எதிர்பார்ப்பார்கள். பட்டம் மட்டும் உள்ளவர்கள் அனபின் என்ற அந்நாட்டு அரசாங்கப் பட்டியலில் தங்கள் பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்த்துக்கொள்ளலாம். தேவையானால் பான் நகரிலுள்ள மத்திய அலுவலகத்தில் சுமார் 200 யூரோ கட்டி மதிப்பீட்டுச் சான்று வாங்கலாம். இதற்கு அங்கே போய்ச் சேர வேண்டும் என்பதில்லை. இங்கிருந்தே மனுச் செய்யலாம்.

காகிதங்களைப் பற்றி ஒரு குமாஸ்தா சொன்னால் தொழில் புத்தி என்று நேயர்கள் நகைக்கலாம். இருந்தாலும் சொல்கிறோம். ராஜினாமாக் கொடுத்த அன்றே விடுவிப்புக் கடிதமும், என்ன வேலை எத்தனை வருஷம் பார்த்தாள் என்று விவரமாக எழுதிய அனுபவச் சான்றும் கேட்டு வாங்க வேண்டும். கம்பெனி மூடிவிட்டாலோ, மேலதிகாரி மாறிவிட்டாலோ பிறகு கடலுக்கு அப்பாலிருந்து வாங்குவது பெரும்பாடு. ஒவ்வொரு வருஷத்து மதிப்பெண் பட்டியலும் வேண்டும். பட்டச் சான்று ஒன்று மட்டும் போதாது.

அடுத்தது பெயர். நம் பெண்களுக்குப் பட்டச் சான்றில் ஒரு முதலெழுத்தும் பெயரும். பாஸ்போர்ட்டில் தந்தையின் முழுப்பெயர். கல்யாணமானதும் கணவன் பெயர். நமக்கு மூன்றும் ஒருத்தியே. அயல்நாட்டு அதிகாரிக்கு மூன்று பேர். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தைக் காலியாக விட்டவர்களுக்கு, அமெரிக்க விசாவில் அவர்கள் பெயரே குடும்பப் பெயராகி, முதற்பெயர் இடத்தில் ‘முதற்பெயர் தெரியவில்லை’ என்பதன் சுருக்கமாக மூன்று எழுத்துகள் அச்சாகிவிடுகின்றன. தாய் தந்தை ஆசையாய் வைத்த பெயர் போய், பெயர் தெரியாதவள் என்ற முத்திரையோடு பாங்கிலும் பள்ளியிலும் நிற்க வேண்டியிருக்கிறது. மணமானபின் பாஸ்போர்ட்டில் பெயரை மாற்றித்தான் ஆக வேண்டும் என்று நம் நாட்டில் சட்டம் இல்லை. பட்டச் சான்றுக்கும் பாஸ்போர்ட்டுக்கும் இசைவான பெயரை வைத்துக்கொண்டு, கல்யாணத்தைச் சட்டப்படி பதிவு செய்த சான்றைச் சேர்த்துக் காட்டினால் பாதி தொல்லை தீரும்.

இனிச் சொல்வது கசப்பான விஷயம். ஆனாலும் விட முடியாது. மனைவியின் வாச உரிமை கணவனின் விசாவைப் பற்றிக்கொண்டு நிற்பது. அமெரிக்காவில் மணமுறிவு ஏற்பட்டால் எச்-4 நிலையும் உடன் முடிந்துவிடும். ஜெர்மனியில் மூன்று வருஷம் அங்கே சேர்ந்து வாழ்ந்திருந்தால் மனைவிக்குத் தன் பெயரிலேயே தனி வாச உரிமை கேட்க இடமுண்டு. அடி உதை போன்ற கொடுமை நேர்ந்திருந்தால் மூன்று வருஷம் என்ற கணக்கும் தளர்த்தப்படும். தன் கையில் சம்பளம் உள்ளவள் இத்தகைய வேளையில் ஒரு வக்கீலைப் பார்க்கவும், ஓர் அறை வாடகைக்கு எடுக்கவும் முடியும். பாஸ்போர்ட்டும் சான்றிதழ்களும் அவளுடைய பெட்டியில், அவளுடைய சாவியில் இருக்க வேண்டும். இங்குள்ள பிராவிடண்ட் பண்டை அவசரப்பட்டு எடுத்து நகைக்குப் போட வேண்டியதில்லை. பாங்குக் கணக்கை வெளிநாட்டில் வசிப்போருக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றி, அவள் பெயரிலேயே வைத்துவிடலாம். வெளிநாட்டு மாப்பிள்ளைகளால் கைவிடப்பட்ட பெண்களின் புகார்களைக் கவனிக்கத் தேசிய மகளிர் ஆணையத்தில் 2009 முதல் தனிப்பிரிவு இயங்கி வருகிறது. ஆணையம் டில்லியில் இருந்தாலும் மனுவை எங்கிருந்தும் அனுப்பலாம்.

இவ்வளவையும் பெண் பார்க்கும் இடத்தில் எப்படிக் கேட்பது என்று பெரியவர்கள் தயங்குகிறார்கள். சென்ற தை மாதம் டோம்பிவிலியில் ஒரு வீட்டுக்குப் பெண்வீட்டார் பக்கம் நாமும் போயிருந்தோம். பிள்ளை அமெரிக்காவில் எச்-1பி, விடுமுறையில் வந்திருந்தார். பஜ்ஜியும் காபியும் ஆனபின், பெண்ணே நேராக, “உங்களுக்கு ஐ-140 ஆகியிருக்கிறதா?” என்று கேட்டுவிட்டாள். பிள்ளையின் தாயார் முகம் சுருங்கிற்று. பெண்ணின் தந்தை தரையைப் பார்த்தார். பிள்ளை மட்டும் கோபிக்கவில்லை. “கம்பெனியில் இன்னும் தொடங்கவில்லை. கேட்டுச் சொல்கிறேன்” என்றார். பத்து நாள் கழித்து, இரண்டு வருஷத்துக்குக் குறையாமல் ஆகும் என்று உள்ளதை உள்ளபடி எழுதினார். அந்த உண்மைக்காகவே அவரைப் பிடித்துப்போயிற்று என்று சொல்லிப் பெண் சம்மதித்தாள். வைகாசியில் கல்யாணம் நடந்தது. அவர் திரும்பிப் போய்விட்டார். அவள் இன்னும் போகவில்லை. தானே மாணவி விசாவில் போய் மேற்படிப்பு முடித்து, தன் பெயரிலேயே வேலை தேடுவது என்று இருவரும் பேசி முடிவு செய்து, இப்போது ஆபீஸுக்கும் போய்க்கொண்டு, அதற்கான பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். இரண்டு வீட்டுப் பெரியவர்களும் முணுமுணுக்கிறார்கள். பரீட்சை அடுத்த மாதம்.